மேவிஸ் போட வேண்டிய கையெழுத்து

எனிட் கிராட்டன் முடியாது என்று சொன்ன நாளில் ஆரம்பித்தது இது. படிக்கட்டுச் சுவரோரமாக ஒரு கம்பியைப் பதித்து, அதில் மின்சாரத்தில் ஏறி இறங்குகிற நாற்காலி ஒன்றை மாட்டித் தருவதாக ஆஸ்பத்திரியிலிருந்தே ஆள் வந்து அளந்துவிட்டுப் போனான். பக்கவாதத்தில் வலது கையும் வலது காலும் விழுந்துபோன மேவிஸ் டாசெல் அதில் உட்கார்ந்து மேல்மாடியிலிருந்து கீழே வரலாம், காற்று வாங்கலாம். ஆனால் படிக்கட்டு எனிட்டுக்குச் சொந்தம். ‘பொதுப் படியில் எதையும் பொருத்த அனுமதி இல்லை’ என்று இரண்டு வரி எழுதி, தபால் தலை ஒட்டி, தெருக்கோடிப் பெட்டியில் போட்டாள். கீழ்த்தளத்தில் இருப்பவள் மேல்மாடிக்கு எழுதிய கடிதம் ஊரெல்லாம் சுற்றி மறுநாள் அதே வாசலுக்கு வந்து விழுந்தது. அப்படிப்பட்டவள் அவள்.

செயின்ட் லெனர்ட்ஸில் கடலைப் பார்த்து நிற்கும் அந்த உயரமான வீட்டை எனிட்டின் அப்பன் கிராட்டன் கிழவன் தொண்ணூறாம் வருஷம் மூன்றாக வெட்டினான். கீழே தனக்கு. நடுவில் உள்ளதை ஒரு பல் டாக்டர் வாங்கினான், வருஷத்துக்குப் பத்து நாள் வருவான். மேலே உள்ளதை பெர்சி டாசெல் வாங்கினான். வாங்கினான் என்று வாய்ப்பேச்சுக்குச் சொல்கிறோம். தொண்ணூற்றொன்பது வருஷம் உள்ளே இருந்துகொள்ளலாம், அவ்வளவுதான் லீஸ். சுவரும் கூரையும் படியும் கிராட்டனுடையவை. ஜூன் இருபத்துநாலாம் தேதி, நடுக்கோடை நாள் வந்தால் அதில் ஒரு வருஷம் கழியும். பெர்சி அதைப் பற்றி நினைத்ததே இல்லை. நாளைக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்பதற்கு மேல் யோசிக்காத பிழைப்பு அவனுடையது.

பக்கத்திலுள்ள ஹேஸ்டிங்ஸ் கடற்கரையில் மீன்படகுகளுக்குத் துறைமுகம் கிடையாது. படகு நேராகக் கூழாங்கல் கரையில் வந்து மோதும். கரையில் நிற்பவன் கொக்கியை மாட்டி, வின்ச் என்கிற இழுவை யந்திரத்தை ஓட்டி, இரும்புக் கயிறு சுருளச் சுருள அதை மேலே இழுக்க வேண்டும். அந்த வேலையை நாற்பத்தோரு வருஷம் பார்த்தவன் பெர்சி. கயிறு அறுந்து பக்கத்தில் நின்றவன் கால் போனதைப் பார்த்திருக்கிறான். பள்ளிக்கூடத்தைப் பதிமூன்று வயதில் விட்டவன். வக்கீல், பாங்க்காரன், கவுன்சில்காரன் யார் பேசினாலும் அவர்கள் கையைத்தான் பார்ப்பான். கை சுத்தமாக இருந்தால் சந்தேகம் வந்துவிடும்.

நாற்காலி இல்லை என்றானதும் அவன் மகள் லின் ஆஷ்ஃபோர்டிலிருந்து வந்து, “வித்துட்டு தரையோட இருக்கிற வீடா பாருப்பா, அம்மாவை இப்படியே பூட்டி வைக்க முடியாது” என்றாள். பெக்ஸ்ஹில்லில் ஒரு சின்ன வீடு அமைந்தது. வாசலில் ஒரு படிகூடக் கிடையாது. இந்த வீட்டை வாங்க லண்டனிலிருந்து ஒரு ஜோடி வந்தது. ஜன்னலில் நின்று கடலைப் பார்த்து மூச்சு விட்டார்கள். பிடித்துவிட்டது. ஆனால் அவர்கள் வக்கீல் ஒரு முட்டுக்கட்டை போட்டான்: லீஸை நீட்டிக்கக் கேட்டு எனிட்டுக்கு முறையாக நோட்டீஸ் போயிருக்க வேண்டும், அதுவும் இந்த நடுக்கோடை நாளுக்கு முன்னால்.

பெர்சியின் வக்கீல் மிஸ் பென்ஃபோல்ட் சின்னப் பெண்தான், முப்பது இருக்கும். அவள் விளக்கினாள். “லீஸ்ல எண்பது வருஷத்துக்கு மேல மிச்சம் இருக்கும்போதே கேட்டா ஒரு விலை, மிஸ்டர் டாசெல். எண்பதுக்குக் கீழ இறங்கினா சட்டமே அவங்களுக்குக் கூடுதலா ஒரு பங்கு எடுத்துக் கொடுக்குது. உங்களுக்கு இந்த இருபத்துநாலாம் தேதி எண்பது. அதுக்கு முந்தி நோட்டீஸ் அந்த அம்மா கையில இருந்தா, மீதியை வாங்குறவங்க பேசிக்குவாங்க. இல்லேன்னா அவங்க வாங்க மாட்டாங்க.”

“எனிட் மாட்டேன்னு சொன்னா?”

“மாட்டேன்னு சொல்ல முடியாது. விலைக்கு மல்லுக்கட்டலாம், அவ்வளவுதான். வீடு உங்க ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. அதனால ரெண்டு பேரும் அவங்கவங்க கையால கையெழுத்துப் போடணும். நான் போட்டாக்கூடச் செல்லாது.”

“தபால்ல அனுப்பாதே. நானே கொடுக்கிறேன்” என்று தாளை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினான்.

ஜூன் மூன்றாம் தேதி அது. வீட்டுக்கு வந்தபோது மேவிஸ் நாற்காலியில் தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வலது கை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி கிடந்தது. பெர்சி அந்தக் கையைப் பார்த்தான், தாளைப் பார்த்தான். தன் பேரை எழுதினான். கீழே அவள் பேரையும் எழுதினான். அவனுக்கு அதில் தப்பே தெரியவில்லை. கடற்கரையில் மீன் ஏலம் போனால் வியாபாரியின் நோட்டில் படகுக்கு ஒருத்தன்தான் கையெழுத்துப் போடுவான். கடலில் நாலு பேர் இருந்தாலும் கரையில் நிற்பவன் போட்டால் நாலு பேரும் போட்டதாக அர்த்தம். நாற்பத்தோரு வருஷம் அப்படிப் போட்டவன். கீழே இறங்கிப்போய் எனிட்டின் கையிலேயே கொடுத்தான். அவள் பிரித்துப் படித்தாள். முதல் தாள், இரண்டாம் தாள், கடைசித் தாள். கடைசித் தாளில் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள். “நன்றி, மிஸ்டர் டாசெல்” என்றாள். இருபது வருஷத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் நன்றி. அப்போதே அவனுக்கு உறைத்திருக்க வேண்டும்.

இருபத்திரண்டாம் தேதி திங்கட்கிழமை. தென்மேற்கிலிருந்து காற்று, முகத்தில் அறைகிற தூறல். பெர்சி கடற்கரைக்குப் போய்ப் பழைய பழக்கத்தில் ஒரு பை தட்டை மீன் வாங்கிக்கொண்டு வந்தான். வாசல் கதவின் பித்தளைத் தபால் துளையை எனிட் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். எழுபது வயது. முத்துமாலை போடாமல் குப்பை கொட்டக்கூடப் போக மாட்டாள்.

“ஷூவைத் துடைச்சீங்களா, மிஸ்டர் டாசெல்?”

“இருபது வருஷமா துடைக்கிறேன். பாய்தான் தேயுது, நீ தேயக் காணோம்.”

“மீன் நாத்தம் பாய்ல துடைச்சாப் போகாது.”

“உன்னை மோந்து பார்க்கச் சொல்லலையே.”

அவன் முதல் படியில் கால் வைத்தான். பின்னாலிருந்து எனிட், “மேவிஸ் எப்படி இருக்காங்க?” என்றாள்.

பெர்சி நின்றான். பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒரு தடவை கேட்டதில்லை.

“இருக்கா.”

“கை நல்லாவே குணமாயிடுச்சு போலிருக்கே. நோட்டீஸ்ல பார்த்தேன், என்ன திருத்தமான எழுத்து. எங்கிட்ட அவங்க போட்ட கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை ஆறு இருக்கு. எல்லாத்துலயும் சாய்வா இருக்கும். இதுல மட்டும் ஆணி அடிச்ச மாதிரி நேரா நிக்குது. எங்க வக்கீல்கூட அதைப் பார்த்துட்டு, புதன்கிழமை வரைக்கும்...”

நிறுத்திவிட்டாள். துணி வைத்திருந்த கை அப்படியே நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகத் தேய்க்க ஆரம்பித்தாள்.

இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஜெயித்திருப்பாள். முடியவில்லை. தேள் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு எத்தனை நாள் சும்மா திரியும்?

பெர்சிக்குப் பல் டாக்டர் வீட்டு வாசல்வரை ஏறிய பிறகுதான் புரிந்தது. புதன்கிழமை என்றால் இருபத்துநாலு. அதுவரை வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, பிறகு நோட்டீஸ் செல்லாது என்று சொல்லப் போகிறாள். மீன் பையை அங்கேயே கதவுக் குமிழில் மாட்டிவிட்டு இறங்கினான். எனிட் உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருந்தாள்.

ஆபீஸில் மிஸ் பென்ஃபோல்ட் அவனை உட்காரச் சொல்லவில்லை.

“ரெண்டு பேரும் போடணும்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னே.”

“அப்புறம்?”

“எங்க பீச்சுல படகுக்கு ஒருத்தன் போட்டாப் போதும்.”

“இது படகு இல்லை.”

“அது தெரியுது.”

“எனக்குத் தெரியாமப் போச்சே. நான் நேர்ல வந்து நின்னு வாங்கியிருக்கணும், அது என் தப்பு. ஆனா நீங்க செஞ்சதுக்குப் பேரு வேற, மிஸ்டர் டாசெல். கோர்ட்டுல அந்தப் பேரைச் சொன்னா உங்களுக்குப் பிடிக்காது. அவங்க ஒரு கீறல் போட்டாக்கூடப் போதும், ஒரு புள்ளி வச்சாக்கூடப் போதும். அதை அவங்கதான் வைக்கணும்.” புதுத் தாளை இரண்டு பிரதி அச்சடித்து எடுத்தாள். “நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள. இந்த நகல்ல அந்த அம்மாகிட்ட வாங்கிக்கிட்டதா ஒரு கையெழுத்து வாங்குங்க. நானும் வர்றேன்.”

“நீ வேண்டாம். இது எங்க வீட்டுக்குள்ள.”

“உங்க வீட்டுக்குள்ள நீங்க செஞ்சதுதான் இது” என்றாள் அவள். சின்னப் பெண்ணாக இருந்தாலும் பேசத் தெரிந்தவள். அவள் கட்டைவிரலில் மை ஒட்டியிருந்ததை அவன் அன்றைக்குத்தான் பார்த்தான்.

மீனைச் சுத்தம் செய்து, வேகவைத்து, முள் எடுத்து, உருளைக்கிழங்கோடு மசித்து மேவிஸுக்குக் கொடுத்தான். டீயில் கெட்டிப்பொடியைக் கலக்கினான். தண்ணீராகக் குடித்தால் அவளுக்குப் புரையேறிவிடும், கூழ் மாதிரி இருக்க வேண்டும். அவள் இடது கையால் ஸ்பூனைப் பிடித்துத் தானே சாப்பிட்டாள். ஊட்ட விடமாட்டாள். பேச்சு வரும், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைப்பது மாதிரி இழுத்துத்தான் வரும். புத்திக்கு ஒரு குறையும் இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் சொன்னான். நின்றுகொண்டே, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

மேவிஸ் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு, “என் பேரை. நீ போட்டே” என்றாள்.

“நீ தூங்கிட்டிருந்தே.”

“எழுப்பலாம்.”

“கை வராதேன்னுதான். எதுக்கு உன்னைக் கஷ்டப்படுத்தணும்னு.”

“அதை. எடு.” நாற்காலிக்கும் மெத்தைக்கும் நடுவில் செருகியிருந்ததைக் காட்டினாள். ஒரு கோடு போட்ட நோட்டு, பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பது மாதிரி. பெர்சி அதைத் தினமும் பார்த்திருக்கிறான். ஏதோ குறுக்கெழுத்துப் போடுகிறாள் என்று நினைத்திருந்தான். திறந்தான். முதல் பக்கங்களில் நண்டு ஓடிய தடம் மாதிரி கோடுகள். நாலைந்து பக்கம் தள்ளி ஓர் எழுத்து. பிறகு மேவிஸ், மேவிஸ், மேவிஸ் என்று பக்கம் பக்கமாக. கடைசிப் பக்கங்களில் டாசெலும் சேர்ந்திருந்தது. எழுத்து நடுங்கினாலும் அவள் பேர்தான்.

“பயிற்சி குடுக்க வர்ற பொண்ணு. சொல்லிக் கொடுத்தா. எட்டு மாசம். பக்கத்துல உட்கார்ந்து. மீன் தின்னே. பார்க்கல.”

“பார்க்கலை” என்றான் பெர்சி.

“பாங்க்குல நீ போட்டே. லின் பள்ளிக்கூடத்துல நீ போட்டே. இந்த வீடு ஒண்ணுக்குத்தான். நான் போட்டேன். அதுவும். அந்தக் கிராட்டன் கிழவன், உன் சம்சாரம் எங்கேன்னு கேட்டதால.”

“அதனாலதானே இப்ப இந்தச் சிக்கல்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது அவனுக்கு. மேவிஸ் ஸ்பூனை எடுத்து அவன்மேல் எறிந்தாள். இடது கை, குறி தப்பி ஜன்னலில் பட்டது. “போ. காலையில போடுவேன். காலையிலதான் கை கேக்கும்.”

அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் மழை விட்டு, கடல் சாம்பல் நிறமாகக் கிடந்தது. பெர்சி தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, மேஜையை நாற்காலிக்கு நெருக்கி வைத்து, தாளின் நாலு மூலையிலும் கனமாக ஏதாவது வைக்கப் போனான். “எடு” என்றாள். செத்த வலது கையை இடது கையால் தூக்கித் தாளின்மேல் வைத்துக்கொண்டாள். அதுவே போதுமான கனமாக இருந்தது. பேனாவைப் பிடித்தாள். ஒவ்வொரு எழுத்துக்கும் நிறுத்தி மூச்சு வாங்கினாள். நெற்றியில் வேர்த்தது. இரண்டு பிரதி, இரண்டிலும் முழுப் பேர். அரை மணி நேரம் ஆனது. புள்ளி வைத்தாலே போதுமாம் என்று சொல்ல பெர்சி இரண்டு தடவை வாயெடுத்து மூடிக்கொண்டான். எழுபத்தெட்டு வயதில் முதல் தடவையாக அவனுக்கு வாயை மூடத் தெரிந்தது.

இரண்டையும் மடித்து உறையில் போட்டுக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினான்.

“நான். கொடுப்பேன்” என்றாள் மேவிஸ்.

“ரெண்டு மாடி.”

“நீ கொடுத்தா. யார் கொடுத்தான்னு கேப்பா.”

“அவ கேட்டா நான்...”

“நீ ஒண்ணும் பேச வேண்டாம். காலைப் பிடி.”

படியில் உட்கார்ந்து இறங்கினாள். உறையைப் பல்லில் கடித்துக்கொண்டாள். இடது கையால் கைப்பிடிக் கம்பியை ஒவ்வொன்றாகப் பிடித்து, இடுப்பைத் தூக்கி, அடுத்த படியில் பொத்தென்று உட்கார்வாள். பெர்சி இரண்டு படி கீழே பின்பக்கமாக இறங்கிக்கொண்டு அவள் வலது காலைத் தாங்கினான். படகை ஏற்றுகிறவனுக்கு வின்ச் உண்டு. இறக்கும்போதுதான் ஆள் வேண்டும், தோள் கொடுத்துப் பிடிக்காவிட்டால் தன் கனத்திலேயே ஓடிவிடும். அவன் முழங்கால் இரண்டும் முனகின. பல் டாக்டர் வாசலில் நின்றார்கள். அவள் உறையை வாயிலிருந்து எடுத்து, எச்சிலைத் துடைத்து, மறுபடி கடித்துக்கொண்டாள். அவள் பாவாடை சுருண்டு ஏறியிருந்தது. அவன் இழுத்துவிடப் போனான். தலையை ஆட்டினாள்.

கடைசிப் படியில் அவள் உட்கார்ந்ததும் பெர்சி எனிட்டின் கதவைத் தட்டினான். சங்கிலி மாட்டியபடியே கதவு திறந்தது.

“எதுவா இருந்தாலும் தபால்ல போடுங்க, மிஸ்டர் டாசெல்.”

“எனிட்” என்றாள் மேவிஸ்.

சங்கிலி கொஞ்சநேரம் அப்படியே நின்றது. பிறகு கழன்றது. எனிட் வெளியே வந்து, படியில் தலை கலைந்து உட்கார்ந்திருப்பவளைப் பார்த்தாள்.

“எப்படி வந்தீங்க?”

“உன் படியில. ஒண்ணையும் பொருத்தாம.”

பெர்சி சிரித்துவிட்டான். “உன்னைச் சிரிக்கச் சொல்லல” என்று மேவிஸ் அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள். உறையை நீட்டினாள். “நான் எழுந்து வர மாட்டேன். நீ வா.”

எனிட் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். “ஒரு நோட்டீஸ் ஏற்கனவே வாங்கிட்டேனே.”

“அது இவன் எழுதினது. இது நான்.”

“அப்ப அது செல்லாதுன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க.”

“அது செல்லாது. இன்னிக்கு இருபத்துமூணு. இது செல்லும்.”

 மேவிஸ் நீட்டிய கையை இறக்கவில்லை. எனிட் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெர்சி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். அவன் ஒரு வார்த்தை பேசியிருந்தால் எனிட் உள்ளே போயிருப்பாள், உறையைக் கதவிடுக்கில் தள்ளிவிட்டு வர வேண்டியிருக்கும், பிறகு வரவே இல்லை என்பாள். கடைசியில் நாலு எட்டு நடந்து வந்து வாங்கினாள். கழுத்துச் சங்கிலியில் தொங்கிய கண்ணாடியை மாட்டி, கடைசித் தாளை முதலில் எடுத்தாள்.

“சாயவே இல்லையே.”

“இடது கை.”

எனிட் மடித்தாள். “வக்கீல்கிட்ட அனுப்புறேன்.”

“உறையில இன்னொண்ணு இருக்கு. அந்த நகல்ல. வாங்கிக்கிட்டேன்னு போடு.”

“இப்ப பேனா இல்லை. சாயங்காலம் பார்க்கலாம்.”

பெர்சி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினான். ஒன்றும் பேசவில்லை.

“நான் போட அரை மணி நேரம் ஆச்சு” என்றாள் மேவிஸ். “உனக்கு எவ்வளவு நேரம் ஆகும், எனிட்?”

எனிட் கிராட்டன் சுவரில் தாளை வைத்து, பேர் போட்டு, தேதியும் போட்டாள். பேனாவை மூடாமல் பெர்சியிடம் கொடுத்தாள், அவன் விரலில் மை பட்டது. “விலை விஷயத்துல நான் ஒரு பென்னிகூட இறங்க மாட்டேன். வாங்குறவங்ககிட்ட சொல்லி வைங்க.”

“அது அவங்க பாடு” என்றான் பெர்சி. நகலை நாலாக மடித்து உள்பையில் வைத்துப் பித்தானைப் போட்டான். குனிந்து மேவிஸின் கக்கத்தில் கையைக் கொடுத்தான். “வா. மெதுவா ஏறலாம். டாக்டர் வாசல்ல உட்கார்ந்துட்டுப் போலாம்.”

மேவிஸ் அவன் கையைத் தள்ளிவிட்டாள்.

“நான் மேல வரல.”

“பின்னே?”

“லின்னைக் கூப்பிடு. காரை எடுத்துட்டு வரட்டும். நான் அவ வீட்டுல இருக்கேன்.”

“பெக்ஸ்ஹில் வீடு கைக்கு வர இன்னும் ரெண்டு மூணு மாசம் ஆகும் மேவிஸ்.”

“ஆகட்டும். நீ மேல இருந்து வித்து முடி.” மூச்சு வாங்கினாள். “இனிமே நிறையத் தாள் வரும். என் பேர் இருக்கிறதை எல்லாம் எனக்கு அனுப்பு. நான் போட்டு அனுப்புறேன்.”

“நான் தனியா மேல என்ன செய்யிறது?”

“ஜன்னல்ல உட்காரு. கடலைப் பாரு. நான் ஒன்றரை வருஷம் பார்த்தேன்.”

பெர்சி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். உதவிக்கு யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் எனிட்டைப் பார்த்தான். அவள் அதை ரசிக்கிற மாதிரி நின்றாள். இவ்வளவு நாளும் இந்த மனுஷனை எப்படி அடிப்பது என்று யோசித்தவளுக்கு, பக்கத்திலிருந்தே அடி விழுவதைப் பார்ப்பது எப்படி இருந்திருக்கும்!

“பொது வழியில உட்காரக் கூடாது. யாராவது தடுக்கி விழுவாங்க” என்றாள் எனிட். உள்ளே போனாள். முதுகு நேராக உள்ள ஒரு மர நாற்காலியைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்து வாசலோரமாகப் போட்டாள். “கார் வர்ற வரைக்கும்தான்.”

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேவிஸை அதில் ஏற்றினார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் ஏற்றினார்கள். வாசல் கதவு திறந்திருந்தது. உப்புக்காற்று நேராக உள்ளே வந்து மேவிஸின் முடியைக் கிளப்பியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இரவு உடுப்பு. மாத்திரை. பொடி. நோட்டு” என்றாள்.

பெர்சி இரண்டு மாடியும் ஏறினான். லின்னுக்குப் போன் செய்தான். நோட்டு நாற்காலியில் இருந்தது, பொடி சமையலறையில் இருந்தது. மாத்திரை அவனுக்குத் தெரியும். படுக்கையறையில் போய் நின்றான். அவளுடைய துணி எது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு தினமும் காலையில் வருகிற உதவிக்காரப் பெண் எடுத்து வைப்பாள். அதற்கு முன்னால் மேவிஸே எடுத்துக்கொள்வாள். மேல் டிராயரைத் திறந்தான், மேஜைவிரிப்புகள். அதற்குக் கீழே அவனுடைய பழைய கம்பளிக் காலுறைகள், துவைத்து ஜோடி ஜோடியாகச் சுருட்டியவை. நாற்பது ஜோடி இருக்கும்.

படிக்கட்டுக்கு வந்து கைப்பிடிக்கு மேலே குனிந்து கத்தினான். “மேவிஸ், உடுப்பு எந்த டிராயர்?”

கீழே ஏதோ பேச்சு கேட்டது. மேவிஸால் அவ்வளவு தூரம் குரல் எழுப்ப முடியாது.  பிறகு வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி எனிட்டின் குரல் வந்தது.

“ஜன்னல் பக்கம், மூணாவது டிராயராம். நீலப்பூ போட்டது. வெள்ளையை எடுக்காதீங்க, அது கிழிஞ்சதாம். அம்பது வருஷம் கூட இருந்துட்டு இதுகூடத் தெரியலையான்னு கேக்கிறாங்க.” ஒரு நிமிஷம் நிறுத்தினாள். “படியில நின்னு கத்தாதீங்க, மிஸ்டர் டாசெல். அது நான் சொல்றது.”